கட்டாமல் எழுதிய நூற்றுப்பத்துக்கு எழுபது

புதிதாகக் கிராம சுகாதார நர்ஸ் வேலைக்கு வந்திருக்கும் உங்களுக்கு, பயிற்சியில் யாரும் சொல்லித் தராத ஒரு எண்ணை முதலில் சொல்லிவிடுகிறேன். நூற்றுப்பத்துக்கு எழுபது. கர்ப்பிணியின் கையில் பி.பி. பட்டையைக் கட்டாமலேயே எழுதக்கூடிய எண்களில் இதைவிடப் பத்திரமானது கிடையாது. நூற்றிருபதுக்கு எண்பது என்று எழுதினால் புத்தகத்தைப் பார்த்து எழுதியது போல இருக்கும். தொண்ணூறுக்கு அறுபது என்றால் ஏன் இவ்வளவு குறைவு என்று டாக்டர் கேட்பார். நூற்றுப்பத்துக்கு எழுபதை ஏன் எதற்கு என்று யாரும் கேட்பதில்லை. கொல்லிமலையில் முப்பத்தொரு வருடம் வேலை பார்த்து ஓய்வு பெற்ற என்னையும் யாரும் கேட்கவில்லை.

உங்களுக்காக என்னை எழுதச் சொன்னவர்கள், பணியில் சந்தித்த சிரமங்களை எழுதுங்கள் என்றார்கள். மழை, வழுக்கல், வராத பஸ், கையெழுத்து கேட்கும் மேலதிகாரி, இதெல்லாம் ஒரு வருடத்தில் உங்களுக்கே தெரிந்துவிடும். அதற்கு நான் தேவையில்லை. நான் செய்த ஒரு தப்பைப் பற்றி எழுதுகிறேன். இதுவரை என்னோடு சேர்த்து மூன்று பேருக்குத்தான் அது தெரியும்.

வேலைக்குச் சேர்ந்து ஆறாவது வருடம். எடப்புளி நாடு என்கிற மலைப்பகுதியில் ஒரு பள்ளிக்கூடத்து வராண்டாவில் கர்ப்பிணிகளுக்குப் பரிசோதனை முகாம். பத்தொன்பது பேர். பதினெட்டாவது ஆளை முடித்துவிட்டு, ஆள் தீர்ந்தது என்று பி.பி. கருவியை மடித்துப் பெட்டிக்குள் வைத்தபோதுதான் பாப்பாத்தி வந்தாள். ஏழாவது மாதம், இரண்டாவது பிரசவம். தலையில் அரை மூட்டை குச்சிக்கிழங்கு வேறு. பரிசோதனைக்கு வந்தாளா, கிழங்கு விற்க வந்தவள் போகிற போக்கில் எட்டிப் பார்த்தாளா என்று எனக்கு இன்றைக்கும் தெரியாது. அதே நேரம் மேலே எங்கோ பஸ் ஹார்ன் அடித்தது. மலையில் வேலை செய்கிறவர்களுக்கு அந்தச் சத்தத்தின் அர்த்தம் தெரியும். இன்னும் மூன்று வளைவு, அதற்குள் ரோட்டில் நிற்க வேண்டும்.

நான் அவள் முகத்தைப் பார்த்தேன். முகம் நன்றாகத்தான் இருந்தது. அவளுடைய கர்ப்பிணி அட்டையை வாங்கி நூற்றுப்பத்துக்கு எழுபது என்று எழுதினேன்.

“ஏனுங் நர்சம்மா, எனக்குக் கையில கட்டலீங்களா?”

“உன் மூஞ்சியப் பாத்தாலே தெரியுது சாமி, நல்லா இருக்கற.”

அவளுக்கு ஒரே சந்தோஷம். மூஞ்சி நன்றாக இருக்கிறது என்று அவளிடம் அதற்கு முன் யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள் போல. எனக்குப் பஸ் கிடைத்தது. ஜன்னல் சீட்டும் கிடைத்தது.

பத்து நாள் எனக்குச் சோறு சரியாக இறங்கவில்லை. பதினோராவது நாள் வேறு வேலை இருப்பதாகச் சொல்லிக்கொண்டு அவள் ஊட்டுக்கே போய்க் கையில் கட்டிப் பார்த்தேன். நூற்றுப்பன்னிரண்டுக்கு எழுபத்திரண்டு. இரண்டு புள்ளிதான் பிசகியிருந்தது. அவளுக்கு நாள் நிறைந்து, நல்லபடியாகக் குழந்தை பிறந்தது.

ஏதாவது கெடுதல் நடந்திருந்தால் நான் அன்றைக்கே திருந்தியிருப்பேன். ஒன்றும் நடக்காததால் எனக்கு முகம் பார்த்து பி.பி. சொல்லும் திறமை இருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். அதற்குப் பிறகும் செய்தேன். மழை வலுத்தால், கூட்டம் அதிகமானால், கருவியின் ரப்பர் குமிழ் காற்று விட்டால், முகம் நன்றாக இருந்தால். எத்தனை முறை என்று தெரியாது. இருபதுக்குள்தான் இருக்கும் என்று பல வருடம் எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்தேன். அப்படிச் சொல்லிக்கொள்ள வேண்டியிருந்தது என்றால் எத்தனை இருக்கும் என்று நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள்.

தப்பு செய்தால் சாமி கண்ணைக் குத்தும் என்பார்கள். எனக்குக் கண்ணாடிப் பவர்கூட மாறவில்லை. யாருக்கும் கெடுதல் இல்லை, யாருக்கும் தெரியாது, பிறகு அது தப்பா என்றுகூட ஒரு காலத்தில் எனக்குள் வாதாடிப் பார்த்திருக்கிறேன். ஒவ்வொரு முறையும் நான்தான் ஜெயித்தேன். கடைசியில் அந்தப் பழக்கம் நின்றதும் நான் திருந்தியதால் இல்லை. மேற்பார்வை செய்யும் நர்ஸாகப் பதவி உயர்வு வந்தது. அட்டையில் எழுதுவது மற்றவர்கள் வேலையாகிவிட்டது.

மேற்பார்வையாளராக நான் கெட்டிக்காரி என்று பெயர் எடுத்தேன். யார் பதிவேட்டைப் பிரித்தாலும் எந்த வரி பார்த்து எழுதியது, எந்த வரி உட்கார்ந்த இடத்தில் எழுதியது என்று சொல்லிவிடுவேன். பாதிக்குப் பாதி சரியாகவும் இருக்கும். மேடத்தின் கண்ணுக்கு எதுவும் தப்பாது என்று சொல்வார்கள். நானும் மறுக்க மாட்டேன்.

நான் ஓய்வு பெறுவதற்கு இரண்டு வருடம் முன்னால் கவிதா என்று ஒரு பெண் என் கீழே இருந்தாள். மலையடிவாரத்தில் முள்ளுக்குறிச்சிக்காரி. அப்பா கட்டட வேலை. ஒப்பந்த வேலைதான், வருடா வருடம் நீட்டித்தால் உண்டு. காலையில் முதல் பஸ்ஸுக்கு மேலே வருவாள். பேச்சு குறைவு. வேலை சுத்தம், ஆனால் மகா மெதுவு. பதினைந்து பேர் வந்தால் மதியச் சாப்பாட்டு நேரம் தாண்டிவிடும். “என்ன கண்ணு பண்ற இவ்வளவு நேரம்? கோலமா போடற?” என்று பல தடவை சத்தம் போட்டிருக்கிறேன். “ஆச்சுங்க மேடம், ஆச்சுங்க” என்பாள். மறுபடியும் அதே வேகம்தான்.

அவள் பார்த்துக்கொண்ட ஊர்களில் ஒன்றில் பூங்கொடி என்று ஒரு பெண். தலைப்பிரசவம், எட்டாவது மாதம். முகாமில் கவிதா அவள் அட்டையில் எழுதிய அளவு நூற்றுப்பத்துக்கு எழுபது. பதினோரு நாள் கழித்து அவளுக்குத் தலைவலி வந்து, கண் மங்கி, ஆம்புலன்ஸில் கீழே இறக்கினார்கள். வளைவுகளில் இறங்கும்போதே வலிப்பு. ஆஸ்பத்திரியில் பார்த்தபோது நூற்றெழுபதுக்கு நூற்றுப்பத்து. பூங்கொடி பிழைத்துக்கொண்டாள். வயிற்றுக்குள்ளேயே பெண் குழந்தை இறந்துவிட்டது.

இப்படி நடந்தால் விசாரணை உண்டு. எங்கள் டாக்டர் என்னைவிட இருபது வயது இளையவர், நியாயமானவர், என் மேல் மரியாதை வைத்திருந்தார். அந்த அட்டையை மேஜையில் என் பக்கம் திருப்பி வைத்தார்.

“மேடம், பதினோரு நாளைக்கு முன்னாடி நூத்திப்பத்துக்கு எழுபதுன்னு இருக்கு. அதுக்குள்ள நூத்தெழுபதா? என்ன நினைக்கிறீங்க?”

சரியான பதில் எனக்குத் தெரியும். நடக்கும். கர்ப்ப காலத்தில் பி.பி. சில நாட்களிலேயே எகிறும், அதனால்தான் திரும்பத் திரும்பப் பார்க்கச் சொல்கிறோம். பத்து வருடமாகப் புதியவர்களுக்கு இதைப் பாடம் எடுத்தவளே நான்தான். ஆனால் மேஜையில் இருந்த எண் வேறு எண்ணாக இருந்திருந்தால்தான் எனக்கு அந்தப் பாடம் ஞாபகம் வந்திருக்கும்.

“கட்டாம எழுதியிருப்பா சார்” என்றேன்.

“அவ்வளவு உறுதியா எப்படிச் சொல்றீங்க?”

“அனுபவம் சார்.”

அவர் அதைக் குறித்துக்கொண்டார். நான் சொன்ன அந்தச் சொல்லில் பொய் எதுவும் இல்லை.

கவிதாவைக் கூப்பிட்டார்கள். கைப்பையை மார்போடு பிடித்துக்கொண்டு நின்றாள். “கட்டிப் பாத்துத்தானுங்க எழுதுனேன்” என்றாள். எல்லோரும் அப்படித்தான் சொல்வார்கள் என்றேன். அவள் டாக்டரை விட்டுவிட்டு என்னைப் பார்த்தாள்.

“நீங்க என்னைய நம்பலீங்களா மேடம்?”

“நம்பறதுக்கு என்னம்மா இருக்குது?” என்றேன். முந்தின நாள் வரை அவளைக் கண்ணு என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தவள் நான்.

விசாரணை முடியும் வரை வேலைக்கு வர வேண்டாம் என்று அவளை அனுப்பினார்கள். தப்பு உறுதியானால் ஒப்பந்தம் அதோடு முடிந்தது, வேறு எங்கேயும் இந்த வேலைக்கு எடுக்க மாட்டார்கள். அதைவிட வேகமாக ஊர் வேலை செய்தது. ஒரு வாரத்துக்குள், பொய்யாக எழுதிக் குழந்தையைக் கொன்ற நர்ஸு என்று மலையிலும் அடிவாரத்திலும் பேசிக்கொண்டார்கள். முள்ளுக்குறிச்சி பஸ் ஸ்டாப்பில் அவள் வந்தால் பெண்கள் பேச்சை நிறுத்துகிறார்களாம். கேட்டபோது எனக்குப் பாவமாக இருந்தது. செய்ததற்கு அனுபவிக்கிறாள் என்றும் இருந்தது. இரண்டும் ஒரே நேரத்தில் இருந்ததில் எனக்கு ஒரு சங்கடமும் தெரியவில்லை.

தாயிடம் வாக்குமூலம் வாங்குவது மட்டும்தான் பாக்கி. வெறும் சம்பிரதாயம். நான்தான் போனேன்.

பூங்கொடி ஊட்டு வாசலில் மிளகு காய்ந்துகொண்டிருந்தது. அவள் உள்ளே பாயில் ஒருக்களித்துப் படுத்திருந்தாள், எழுந்து உட்காரவே சிரமப்பட்டாள். என்ன என்று கேட்டால் சொல்லவில்லை. தொட்டுப் பார்த்தேன், பால் கட்டி மார்பு கல்லாக இருந்தது. குடிக்கக் குழந்தை இல்லை என்பது உடம்புக்குத் தெரியாதே. காகிதத்தைக் கீழே வைத்துவிட்டு வெந்நீர் வைக்கச் சொல்லி, துணி நனைத்து ஒத்தடம் கொடுத்து, கொஞ்சம் கொஞ்சமாகப் பாலைப் பிழிந்து எடுத்தேன். அரைமணி நேரம் ஆனது. அவள் சுவரைப் பார்த்துக்கொண்டு சத்தமில்லாமல் அழுதாள். எனக்கும் அழுகை வந்தது, அடக்கிக்கொண்டேன். பிறகு காகிதத்தை எடுத்தேன்.

“கவிதா நர்சு அன்னைக்கு உன் கையில பட்டை கட்டுனாளா?”

“கட்டுச்சுங்களே. ரெண்டு தடவ கட்டுச்சு.”

நான் தலையை நிமிர்த்தினேன்.

“நான் கீழ காட்டுல இருந்து ஏறி வந்தேனுங்களா, மூச்சு எரைச்சுது. மொத தடவ கட்டிப் பாத்துட்டு சாஸ்தி காட்டுது, இத எழுதக் கூடாதுன்னு சொல்லுச்சு. செத்த நேரம் பேசாம உக்காருங்கக்கான்னு ஒரு சேரப் போட்டு உக்கார வெச்சுது. மத்தவங்களைப் பாத்துட்டு வந்து மறுக்கா கட்டி அப்பறந்தான் எழுதுச்சுங்க. எல்லாத்துக்கும் அப்படித்தாங்க பண்ணும் அந்தப் பொண்ணு.”

அவள் புருஷன் வாசலில் இருந்து சொன்னான். “தலவலி வந்தாலோ கண்ணு மங்குனாலோ ஒரு நிமிசம் நிக்காதீங்க, எனக்குப் போன் போடுங்கன்னு நம்பரும் குடுத்துச்சுங்க. அதுக்குத்தான் போட்டோம். அதுதான் ஆம்புலன்ஸு வரச் சொல்லுச்சு. இல்லீன்னா இவளும் இல்லீங்க.”

ஆம்புலன்ஸை யார் கூப்பிட்டது என்று நான் அதுவரை விசாரிக்கவே இல்லை. முப்பது வருட அனுபவம் இருக்கும்போது விசாரிப்பானேன்?

மலைச்சரிவில் ஏறி வந்தவளை உட்கார வைத்து, மூச்சு அடங்கிய பிறகு கட்டுவதுதான் முறை. அதனால்தான் அவள் முகாம் மதியத்தைத் தாண்டியது. நான் கோலமா போடுகிறாய் என்று கேட்டது அதைத்தான். நூற்றுப்பத்துக்கு எழுபது என்ற அளவு நிஜமாகவும் ஒருத்திக்கு இருக்க முடியும் என்பது அத்தனை வருடத்தில் எனக்கு மறந்தே போயிருந்தது. ஒரு நர்ஸ் அவசரத்தில் என்ன செய்வாள் என்று யோசித்தபோதெல்லாம் என் மனசில் வந்து நின்றது ஒரே ஒரு நர்ஸ்தான்.

இப்போது உண்மையைச் சொல்லிவிடுகிறேன். மடியில் காகிதம் இருந்தது. ‘மயக்க நிலையில் இருந்து மீண்டதால் தாய்க்குச் சரியாக நினைவில்லை’ என்று ஒரு வரி எழுதினால் போதும். நான் சொன்ன அனுபவம் நிலைக்கும், டாக்டரிடம் என் பெயர் கெடாது. பூங்கொடி இருந்த நிலையில் எங்கே காட்டினாலும் கையெழுத்துப் போட்டிருப்பாள். அதுவும் யாருக்கும் தெரிந்திருக்காது. பேனா அந்த வரிக்கு மேலே கொஞ்ச நேரம் நிற்கத்தான் செய்தது. நான் நல்லவளாகிவிட்டேன் என்று நினைக்காதீர்கள். என் விரல்களில் அந்தப் பாலின் ஈரம் இன்னும் காயவில்லை, அந்தக் கையால் அதை எழுத வரவில்லை. அவள் சொன்னதை அவள் சொன்னபடியே எழுதி, படித்துக் காட்டிக் கையெழுத்து வாங்கினேன்.

டாக்டர் அதை இரண்டு முறை படித்தார்.

“நீங்கதானே மேடம் அவ்வளவு உறுதியா சொன்னீங்க?”

தப்பாக நினைத்துவிட்டேன் என்று சொல்லியிருந்தால் விட்டிருப்பார். நானும் அப்படித்தான் சொல்ல நினைத்துப் போயிருந்தேன். வாய் வேறு மாதிரி சொன்னது.

“நான் அப்படி எழுதியிருக்கேன் சார். அதனால அவளும் எழுதியிருப்பான்னு நினைச்சேன்.”

அவர் காகிதத்தைக் கீழே வைத்தார்.

“எப்ப?”

“ரொம்ப வருஷத்துக்கு முன்னாடி. பல தடவை.”

“யாருக்காவது ஏதாவது ஆச்சா?”

“எனக்குத் தெரிஞ்சு ஆகலீங்க சார்.”

அவர் பேனாவை மூடினார். “அப்ப அது ஃபைலுக்கு வேண்டாம் மேடம். கவிதா மேல தப்பில்லைன்னு எழுதிடறேன். நீங்க ரிட்டயர் ஆகப் போறவங்க” என்றார். இரக்கத்தில்தான் சொன்னார். நான் சரி என்றேன். அன்றைக்கு மதியம் நன்றாகச் சாப்பிட்டேன் என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

கவிதா வேலைக்குத் திரும்பினாள். ஃபைலில் ஒரே வரியில் தீர்ந்தது, ஊர் வாயில் தீர ஒரு வருடத்துக்கு மேல் ஆனது. மாதாந்திரக் கூட்டத்தில் எழுந்து, இந்தப் பெண்ணைப் பற்றி நான் சொன்னது பொய் என்று சொல்லியிருந்தால் இன்னும் சீக்கிரம் தீர்ந்திருக்கும். நான் எழுந்திருக்கவில்லை.

திரும்பி வந்த முதல் நாள் சாயங்காலம் பஸ்ஸுக்கு நிற்கும்போது அவள் என்னிடம் வந்தாள். அவள் அம்மா கொடுத்தனுப்பியதாக ஒரு பை நிறைய நிலக்கடலை. என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டாள். “நீங்க அவ்வளவு தூரம் நடந்து போயி அந்தக்காகிட்ட விசாரிச்சதாலதான் மேடம் என் பொழப்பு நின்னுச்சு. எங்கம்மா உங்களுக்குத்தான் தெனமும் வெளக்கேத்துது” என்றாள்.

டாக்டர் யாரிடமும் சொல்ல மாட்டார். பேசாமல் கடலையை வாங்கிக்கொண்டிருந்தால் ஆயுசுக்கும் அவளுக்கு நான் தெய்வம். யாருக்கும் தெரியாத தப்பு தப்பா என்று என்னை ஜெயிக்க வைத்த அந்த வாதம் முழுவதும் அப்போது எனக்கு ஞாபகம் இருந்தது, எந்த வரியும் மறக்கவில்லை. ஆனால் அவள் கை என் கையைப் பிடித்திருந்தது, என்னால் தாங்க முடியவில்லை. சொல்லிவிட்டேன். முகத்தைப் பார்த்து எழுதியது, பல தடவை எழுதியது, டாக்டரிடம் அவளை மாட்டிவிட்டது, எல்லாவற்றையும்.

நான் சொல்லி முடித்ததும் அவள் ஒன்று மட்டும் கேட்டாள்.

“எத்தன பேருக்கு மேடம் அப்படி எழுதுனீங்க?”

“தெரியல கண்ணு.”

அவள் என் கையை விட்டுவிட்டுத் தன் பையைச் சரிசெய்துகொண்டாள். “பஸ் வந்துருச்சுங்க. வாரேன் மேடம்” என்றாள். கடலையைத் திரும்ப வாங்கிக்கொள்ளவில்லை.

அவள் யாரிடமும் சொல்லவில்லை. என்னிடம் மரியாதையும் குறையவில்லை, தீபாவளிக்குப் பலகாரம் வந்தது, என் காலில் சுளுக்கு என்றால் முதலில் ஓடி வந்ததும் அவள்தான். என்னை மன்னித்துவிட்டாள் என்றே நினைக்கிறேன். உங்களில் சிலர் இன்றைக்கு அவளோடு வேலை செய்கிறீர்கள். இதைப் படித்துவிட்டு அவளிடம் போய்க் கேட்காதீர்கள், சொல்ல மாட்டாள்.

ஓய்வு பெறும் வரை, கூட்டம் அதிகமான முகாம்களில் நானும் உட்கார்ந்து பி.பி. பார்ப்பேன். நான் அளவைச் சொல்ல வேண்டும், பக்கத்தில் இருப்பவர் எழுத வேண்டும், அதுதான் வழக்கம். மற்ற பெண்கள் நான் சொல்லச் சொல்ல எழுதுவார்கள். கவிதா எழுத மாட்டாள். “செத்த இருங்க மேடம்” என்று எழுந்து வந்து, தானே ஒரு தடவை கட்டி, முள்ளைப் பார்த்துவிட்டுப் போய் எழுதுவாள். முகத்தில் கோபமோ குத்தலோ எதுவும் இருக்காது. என் கடைசி முகாமிலும் அப்படித்தான். ஏறி வந்த ஒரு பெண்ணைக் கால்மணி நேரம் உட்கார வைத்து, இரண்டு முறை கட்டிப் பார்த்து, நூற்றுப்பதினெட்டுக்கு எழுபத்தாறு என்று சொன்னேன். அவள் எழுந்து வந்து கட்டினாள். நூற்றுப்பதினெட்டுக்கு எழுபத்தாறு. போய் உட்கார்ந்து எழுதினாள். அவள் இடத்தில் இருந்திருந்தால், நான் சொன்னதை வைத்து நானும் எழுதியிருக்க மாட்டேன்.